மூன்று நாளாவது தங்கு

அன்புள்ள செல்விக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பெரியப்பாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பிள்ளைகளோடு வந்து, ஒகேனக்கல் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பப் போகிறாயாமே? வேண்டாம் கண்ணு. கர்நாடகத்தில் அணை திறந்துவிட்டால் காவிரி செம்மண் கலங்கலாய் இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு வரும். பரிசலுக்கும் தடை, குளிக்கவும் தடை. அந்தக் கூட்டத்தில் சின்னவனை எப்படிப் பிடித்து வைப்பாய்? அரைப்பரீட்சை லீவில் வா.

பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் வாரை நீயே இழுத்துப் பார்த்துவிடு. மூங்கில் பிளாச்சில் பின்னிய கூடைதானே அது, ஒருத்தர் எழுந்தாலும் சாய்ந்துவிடும். எட்டு வயதில் நீ எழுந்து நின்றாயே, பரிசல்காரர் துடுப்பை மடியில் போட்டுவிட்டு உன் பாவாடையைப் பிடித்து இழுத்தாரே, நினைத்தால் இன்னமும் குலை நடுங்குகிறது. கரைக்கு வந்ததும் மீன் வாங்கிக் கொடு, அங்கேயே மசாலா தடவி வறுத்துத் தருவார்கள்.

அருவியோடு ஊர் முடிந்துவிட்டது என்று எல்லாரும் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆறவில்லை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் நம் தருமபுரிதான் என்று பெரியவளுக்குச் சொன்னாயா? அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அண்ணாந்து பார்க்கட்டும். பாப்பாரப்பட்டிக்கும் அழைத்துப் போ. சிறையில் வாங்கிய தொழுநோயோடு ஊர் ஊராய்ப் பேசிய சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் கண்மூடினார். அரூர்ப் பக்கம் தீர்த்தமலைக்கு நீங்கள் மட்டும் ஏறுங்கள். பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் எனக்கும் ஒரு பாட்டில் பிடித்து வா.

தாத்தாவின் பல்லில் இருந்த பழுப்பை வெற்றிலைக் கறை என்று நினைத்தாயே, அது கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் காவிரித் தண்ணீர் கிடைத்தது. அருவியைப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்.

ராத்திரிக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்கிறேன். கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, கையை நனைத்து உருட்டி வைத்தால் உன் மகள் சாப்பிடாமலா போவாள்?

மார்கழியில் இங்கே நல்ல குளிர். இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வா.

உன் பெரியம்மா