கொம்பன் பன்றியும் தாயக்கட்டையும்

கதை சொல்லுகிறவருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. முடிவு தெரியாமலே கதையைத் தொடங்குகிறவரைக் கண்டு ஜனங்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தத் துணிச்சலான காரியத்தை நாம் சில வருஷங்களாகச் செய்து வருகிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நமது தொழில். சனிக்கிழமைப் பிற்பகலில், சிங்காநல்லூரில் உள்ள நமது வீட்டுக் கூடத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாகஸ ஆட்டம் நடத்துவது நமது பொழுதுபோக்கு.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. 1974-ஆம் வருஷத்தில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர், 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரால் மூன்று சிறு புஸ்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். இதில் காய் நகர்த்தி ஜயிப்பது இல்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்ளுகிறார்கள். நடத்துகிறவர், "எதிரே ஆறு, பாலம் இடிந்து கிடக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அவரவர் தமக்குத் தோன்றிய யுக்தியைச் சொல்லுகிறார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியக் கோட்டையும் பனிமலையும் எதற்கு? அண்ணன்மார் கதை இருக்கிறதே! பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களும் அவர்கள் தங்கை தங்காளும் வருகிற கதை. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 2011-ல் அது சினிமாவாகவும் வந்தது. அதில் கொம்பன் என்று ஒரு பெரும் பன்றி. வேட்டுவர் பக்கத்தில் வளர்ந்த அந்தப் பன்றி வேளாளர் வயலை உழக்கிப் பாழாக்குகிறது. அண்ணன்மார் அதை வேட்டையாடுகிறார்கள். சாகஸ ஆட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் சங்கடம். இந்த ஆட்டத்தின் பழைய புஸ்தகங்களில் ஏதாவது ஒரு குலம் பிறவியிலேயே துஷ்டக் குலமாக இருக்கும். அதை வெட்டி வீழ்த்திப் பொன்னை எடுத்து வருவதே வீரம். ஒரு குலம் முழுவதையும் அப்படிக் காட்டுவது சரியல்ல என்று, ஆட்டத்தை வெளியிடும் கம்பெனியாரே 2020-ல் அறிவித்து, எழுத்தை மாற்ற முற்பட்டார்கள். அங்கே 'ஓர்க்' என்பது வெறும் கற்பனை ஜந்து. நம்மிடத்திலோ வேட்டுவர் கற்பனை அல்லவே! நமது வருகைப் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகள் அவர்கள். ஆறு பேரில் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று நாம் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நமது ஊர் அப்படிப்பட்டது.

ஆகையால் நாம் கதையை எழுதவில்லை. இடத்தையும் மனிதர்களையும் எழுதினோம். ஒரே ஒரு தாள். குடியானவர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குட்டையை மேவி உழுதுவிட்டார். அது பன்றி தண்ணீர் குடித்த குட்டை. வேட்டுவர் மகள் பன்றியைக் குட்டியிலிருந்து வளர்த்தவள். ஊர்ப் பெரியதனக்காரருக்குத் திருவிழாவுக்குள் பன்றித் தலை வேண்டும். இவர்களில் ஒவ்வொருவருக்கும் எது வேண்டும், எதற்குப் பயம் என்று இரண்டே வரி. யாரும் குறுக்கிடாவிட்டால் நாளைக்கு என்ன நடக்கும், ஏழாம் நாள் என்ன நடக்கும் என்று ஒரு நாட்குறிப்பு. அவ்வளவுதான். கொங்கு நாட்டில் விளைநிலத்தையும் காடு என்றுதான் சொல்லுகிறோம். பன்றி இருப்பதும் காடுதான். வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் அந்த வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

பகடை விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அமெரிக்காவில் இருபது முகப் பகடை. எல்லா எண்ணும் சமமாக விழும். நாம் வீட்டுத் தாயக்கட்டையையே எடுத்துக்கொண்டோம். இரண்டு கட்டையும் சேர்ந்து விழக்கூடிய வகை 16. அவற்றில் மூன்று விழுவது நாலு வகை. பன்னிரண்டு ஒரே வகை. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் காரியம் பலிக்கும் என்று வைத்தோம். 16-ல் ஆறு! பிள்ளைகள் இதைத் தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். வகுப்பில் நிகழ்தகவு என்றால் கொட்டாவி விடுகிறவர்கள்!

முதல் நாள் எல்லோரும் ஈட்டியைத் தூக்கினார்கள். ஒரு பெண் மட்டும், "ஏனுங்க சார், பன்றி எதுக்குங்க வயலுக்கு வருது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நாம் தாள் எழுதியிருந்தோம். குட்டையை மறுபடி வெட்டுவது என்று தீர்மானமாயிற்று. வெட்டும்போது கொம்பன் வந்துவிட்டது. சங்கராக ஆடிய பையன், விலகி ஓடாமல் அதன் எதிரே நின்று தடுப்பதாகச் சொன்னான். கட்டையை உருட்டினான். மூன்று விழுந்தது.

சங்கர் இறந்து போனான். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை போடட்டுங்களா சார்?" என்றான். ஆறு முகங்களும் நம்மைப் பார்த்தன. மறுபடி போடச் சொல்லுவது எளிது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கட்டைக்கும் மதிப்பு இராது. "இல்லை" என்றோம்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்காளாக ஆடிய பெண், "படுகளத்துல தங்காதானுங்க அண்ணன்மாரை எழுப்புவா? எங்க ஆத்தா சொல்லீருக்கு" என்றாள். வாஸ்தவம், வீரப்பூர்த் திருவிழாவில் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் சடங்கே இருக்கிறது. எழுப்பலாம் என்றோம், ஆனால் தனியாக முடியாது, காட்டு மூலிகை அறிந்தவர் ஒருவர் துணை வேண்டும் என்றோம். அந்தத் தாளில் மூலிகை அறிந்தவள் ஒருத்திதான் உண்டு: பன்றியை வளர்த்த வேட்டுவர் மகள்.

தங்காள் அவளிடம் போய் என்ன கேட்பது என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். பன்றியைக் கொல்லுவதில்லை என்று வாக்குக் கொடுக்கலாமா? ஊர்ப் பெரியதனக்காரருக்கு யார் பதில் சொல்லுவது? முடிவு காண்பதற்குள் இருட்டிவிட்டது. வாசலில் தாய்மார்கள் அழைக்க வந்துவிட்டார்கள். "அடுத்த வாரம் வரைக்கும் சங்கர் அப்படியே கிடக்கட்டுங்க சார், யோசிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.