பத்துப் பேர் சேர்ந்தால்

வியாழன், எர்ணாகுளம்

லண்டனிலிருந்து ஒரு யூதச் சபை கேரளத்துக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். அவர்களை வழிநடத்தும் ரப்பியும் கூட வந்திருக்கிறார். கொச்சியையும் அதைச் சுற்றியுள்ள பழைய யூதக் குடியிருப்புகளையும் காட்டி வரலாறு சொல்வது என் பொறுப்பு. நாகர்கோவிலில் பிறந்து எர்ணாகுளத்தில் குடியேறியவள் நான். இந்தக் கட்டடங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆனால் ஒரு சபை, சபையாகவே வந்து இவற்றுக்குள் நுழைவதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் ஒரு மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா சென்ற ஆண்டு காலமானார். பெற்றோருக்காகப் பதினோரு மாதம் தினமும் 'கதீஷ்' சொல்வது யூதர் வழக்கம். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடியாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். தங்கள் வேதமான தோராவின் சுருளை எடுத்துச் சபையில் வாசிக்கவும் அதே பத்துப் பேர் வேண்டும். "தனியாக எந்த ஊருக்கும் கிளம்ப முடியாத வருடம் இது. சபையே கிளம்பியதால்தான் நானும் வர முடிந்தது" என்றார். இவர்கள் ஏன் கூட்டமாகப் பயணம் செய்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலையில் மார்க்கெட் ரோட்டிலுள்ள கடவும்பாகம் ஜெப ஆலயத்துக்குப் போனோம். முன்பக்கம் செடிகளும் வண்ணமீன் தொட்டிகளும் விற்கும் கடை. அதைத் தாண்டினால் ஆலயக் கூடம். 1972-இல் இங்கே வழிபாடு நின்றது. கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு ஒன்றை இங்கே காட்டினேன். கூடத்தின் நடுவில் ஒரு வாசிப்பு மேடை, மாடியில் பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் இன்னொன்று. ஓய்வுநாளிலும் பண்டிகை நாட்களிலும் சுருளை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்கள். இரண்டு மேடை வைத்த ஆலயத்தை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார் ரப்பி. குழுவிலிருந்த பெண்கள் விறுவிறுவென்று மாடியேறிப் போய், வாசிப்பு தங்களுக்கு எவ்வளவு அருகில் கேட்டிருக்கும் என்று நின்று பார்த்தார்கள்.

வெள்ளி, மட்டாஞ்சேரி

காலையில் பரதேசி ஜெப ஆலயம். 1568-இல் கட்டியது. 1662-இல் போர்த்துகீசியர் இதைச் சூறையாடினார்கள். டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் 1664-இல் பழுதுபார்த்து எழுப்பினார்கள். கொச்சி மன்னரின் அரண்மனையும் அதன் கோயிலும் ஆலயச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. தன் வாசலுக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு இடம் கொடுத்த அரசர் அவர். நாடு நாடாகத் துரத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அந்தச் சுவரே போதுமான வரலாறு. குழுவில் ஒருவர் இரு கூரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நகரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். காலுக்கடியில் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகள், நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. தோராச் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருக்கிறது. இங்கிருந்து ஜெருசலேம் அந்தத் திசையில்தானே.

முன்னறையில் இருக்கும் ஓவியங்களில் ஒன்று, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவர் அரசரிடம் செப்பேடு பெறும் காட்சி. சேர மன்னர் பாஸ்கர ரவி ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் முயிரிக்கோட்டிலிருந்து வழங்கியது அது. வட்டெழுத்தில் வெட்டியது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையோடு 72 உரிமைகளும் ரப்பானுக்குக் கிடைத்தன. பகலில் விளக்குப் பிடித்துச் செல்லலாம், பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பறையும் காகளமும் முழங்கலாம், வாசலில் தோரணம் கட்டலாம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, ஒரு மூதாட்டி தன் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அவர் குடும்பம் போலந்திலிருந்து தப்பி வந்தது. "குடை பிடித்து நடக்கும் உரிமையை யூதனுக்கு எழுதிக் கொடுத்த அரசர்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வியந்தார்.

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பிற்காலத்தில் வந்து குடியேறிய பரதேசிகள், அடிமை நிலையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்த யூதர்களைச் சமமாக உட்கார விடவில்லை. அந்த வம்சத்தில் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967). சென்னையில் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர். காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து தன் மக்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஒடுக்கப்பட்டவர்களே தங்களுக்குள் ஒரு பிரிவினரை ஒதுக்கி வைத்த கதை கேட்பவருக்குக் கசக்கும். ரப்பி அதை முழுவதுமாகக் கேட்டு, மாலைப் பிரசங்கத்தில் இதைத்தான் பேசுவேன் என்றார்.

யூதத் தெருவில் ஓய்வுநாளுக்கு வேண்டியதை வாங்கினோம். பழம், மெழுகுவர்த்தி, மசாலாக் கடையில் கிராம்பும் ஏலக்காயும். இங்கே வாழ்ந்த யூத மூதாட்டி சாரா கோஹன் நடத்திய பூத்தையல் கடையையும் பார்த்தோம். 2019-இல் 96 வயதில் அவர் மறைந்தார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட இஸ்லாமியக் குடும்பம் கடையையும் காத்து வருகிறது.

வெள்ளி பிற்பகலிலிருந்து பார்வையாளர்களுக்கு ஆலயம் கிடையாது, தொழ வருகிறவர்களுக்கு மட்டும்தான். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு பெண்கள் விளக்கேற்றினார்கள். பிறகு எல்லோரும் வெள்ளைச் சட்டையில் ஆலயத்துக்கு நடந்தார்கள். மட்டாஞ்சேரியில் இன்று உள்ளூர் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியூர்க்காரர் வராத வாரங்களில் பத்துப் பேர் சேர வழியில்லை. இன்று சேர்ந்தார்கள். பெண்களோடு நானும் அமர்ந்திருந்தேன். கதீஷ் நேரம் வந்தபோது மருத்துவர் எழுந்து நின்றார். அந்த அரமேயப் பிரார்த்தனையில் இறந்தவரின் பெயரோ மரணம் என்ற சொல்லோ வராது. முழுக்க முழுக்க இறைவனின் புகழ். அவர் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஒவ்வொரு முறையும் சபையின் 'ஆமென்' வந்து தாங்கிக்கொண்டது. பத்துப் பேர் எதற்கு என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

சனி, மட்டாஞ்சேரி

ஓய்வுநாளில் வண்டி கிடையாது, கைபேசி கிடையாது, அடுப்பு மூட்டுவது கிடையாது. நேற்றே சமைத்து வைத்ததைத்தான் சாப்பிட்டோம். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது இவர்களுடைய விதி. தேங்காய்ப்பால் அந்த விதிக்குள் வராது. அதனால்தான் கொச்சி யூதர் சமையலில் கோழிக் குழம்பு தேங்காய்ப்பாலில் கொதித்தது. ஊர் மண்ணும் மதக் கட்டளையும் ஒரே சட்டியில் ஒத்துப்போயின.

பிற்பகலில் பெண்கள் என்னிடம் கேட்டது பாட்டுகளைப் பற்றி. கேரள யூதப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக மலையாளப் பாடல்கள் இருந்தன. கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். கையெழுத்து நோட்டுகளில் பிரதியெடுத்து மகள்களுக்குக் கொடுத்தார்கள். பல யூதச் சமூகங்களில் ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடுவதற்குத் தடை உண்டு என்பதால், என்னைச் சுற்றி அமர்ந்தவர்கள் விட்ட பாடில்லை. கேள்விமேல் கேள்வி.

இருட்டியதும் ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு. முறுக்கிய மெழுகுவர்த்தி, திராட்சை ரசம், நறுமணப் பொருள். நேற்று வாங்கிய கிராம்பும் ஏலமும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கைமாறின. ஒவ்வொருவரும் முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார்கள். விடுதிச் சமையற்காரர் வரை கிண்ணம் போனது.

ஞாயிறு, வடக்கன் பரவூர், சேந்தமங்கலம், மாளா

பரவூர் ஆலயம் இப்போது அரசின் முசிறிஸ் மரபுத் திட்டத்தின் கீழ் அருங்காட்சியகம். தெருவிலிருந்து நீண்ட நடைவழியில் போனால் கூடம் வரும். கூரை, தூண், மரவேலை எல்லாம் அழகாகச் சீராகியிருக்கின்றன. இதன் பழைய பேழை இப்போது ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெவாத்திம் போன்ற ஊர்களில் அவர்கள் பேரப்பிள்ளைகள் விவசாயம் பார்க்கிறார்கள். யாரும் இவர்களை இங்கிருந்து விரட்டவில்லை. அதைக் கேட்டபோது பலர் தலையசைத்தார்கள்.

சேந்தமங்கலம் ஆலய வாசலில் ஒரு கல் நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாராவின் கல்லறைக் கல், 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு. எண்பதை நெருங்கும் ஒருவர் குனிந்து, எழுத்துகளின்மீது விரல் வைத்து, வலமிருந்து இடமாக மெதுவாகப் படித்தார். எழுநூற்றைம்பது ஆண்டு தாண்டியும் அந்தப் பெண்ணின் பெயரை அவரால் தடங்கலில்லாமல் வாசிக்க முடிந்தது. பிறகு தங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். காவலுக்கு இருந்த பெண்மணி, "சேச்சி, நானும் ஒண்ணு வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். மருத்துவர் தன் கையிலிருந்ததை அவரிடம் கொடுத்தார்.

மாளாவில் சற்று நேரம்தான் நின்றோம். 1955-இல் இஸ்ரேலுக்குப் புறப்படும்போது இவ்வூர் யூதர்கள் ஆலயத்தையும் இடுகாட்டையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பெரிய நிலம், எஞ்சியவை சில கல்லறைகள் மட்டுமே. அங்கேயும் மருத்துவர் கதீஷ் சொன்னார். அவர்களுக்கெல்லாம் சொல்ல இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

திங்கள், எர்ணாகுளம்

காலையில் விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அரசு செலவழித்துக் கூரை வேய்ந்தது, சுண்ணாம்பு பூசியது, விளக்கப் பலகை வைத்தது. நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஜெப ஆலயம் என்பது கட்டடத்தோடு முடிந்துபோவதல்ல. பத்துப் பேர் கூடினால்தான் அதற்கு வேலை. அந்தப் பத்துப் பேர் இன்று கேரளத்தில் எளிதில் சேர்வதில்லை, லண்டனிலிருந்தும் இஸ்ரேலின் பேர்ஷேபாவிலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. அப்படி வருகிறவர்களை நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளராக மட்டும் நடத்தாமல், விரும்பினால் அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தொழ அனுமதிப்பது முறையாக எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். பகல் விளக்கையும் குடையையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்த மண்ணுக்கு இது பெரிய காரியமில்லை. முசிறிஸ் திட்ட அலுவலகத்துக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை அஞ்சலில் சேர்க்கிறேன்.