காரங்காட்டில் கற்ற உப்புப் பாடம்

“மூடை மூடையா ஜிப்சம் போட்டும் வெள்ளாமை தேறலையே சார்!” வேடசந்தூர் பக்கத்து விவசாயி ஒருவரின் இந்தக் கேள்வி, தொண்டிக்குத் தெற்கே காரங்காடு வரை என்னுடன் வந்தது.

அங்கே வனத்துறையும் மீனவ மக்களும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு விடுகிறார்கள். பாக் விரிகுடாவில் பெரிய அலை இல்லை. பயமின்றித் துடுப்புப் போட்டேன். இருபுறமும் அலையாத்திக் காடு. கண்டல் இலையை நாக்கில் வைத்தேன், கரித்தது. உப்பை இலைவழியே வெளியேற்றும் மரம் அது.

ஓதநீர் ஏறி வடியும் இடத்தில்தான் காடு செழிக்கும். நீர் தேங்கிக் காய்ந்தால் உப்புப் பூத்து, கண்டலே கருகும். பிச்சாவரத்தில் அப்படி அழிந்த இடங்களில் வாய்க்கால் வெட்டிய பிறகே காடு திரும்பியது.

வயலுக்கும் அதே கதைதான். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு நல்ல நீரைத் தேக்கி வடிப்பதே வழி. முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். மழைக்கு முன் வடிகால் வெட்டுங்கள்.