ஆடுகளத்து உஸ்தாத்

கற்பிப்பவர் ஒருவர், தாம் ஊதியம் பெற்றுக் கற்பித்து வந்த இடத்தை விட்டு நீங்கித் தமக்கென ஒரு நிலையம் காண்பது ஏன்? மத்ரஸா வாழ்வில் பழகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. பிறர் நிறுவிய மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத், தம் மாணவன் எந்தக் கிதாபை எப்போது தொடங்குவான், எத்தனை ஆண்டு தம்மிடம் இருப்பான் என்பதைத் தாமே முடிவு செய்தல் இயலாது. நிர்வாகம் மாறினால் பாடத்திட்டம் மாறும். பாடத்திட்டம் மாறினால் பாதி ஓதிய மாணவன் நடுவழியில் நிற்பான். ஆகவேதான் உஸ்தாதுமார் சிலர், ஓலைக் கொட்டகையிலாயினும் தமக்கென ஒரு மத்ரஸா காண்கின்றனர். கால்பந்துப் பயிற்சியாளர்களும் இவ்வாறே தனிக் கழகம் காண்பதுண்டு. அதன் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓதிக்கொடுப்பவருக்கு ஆடுகளத்தில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வியக்க வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் குதிரைப் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் தனிப் பாடமே உண்டு. பரிசுப் பொருளை யார் வைக்கலாம், எந்த நிலையில் அது சூதாகும் என்றெல்லாம் நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். விளையாட்டும் பணமும் சேரும் இடத்தில் ஹலால், ஹராம் பற்றிய கேள்வி எழுந்தே தீரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல், மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்களாய் வாழும் நாடு. சிறுவர்கள் குர்ஆன் ஓதும் பள்ளியை அங்கே ‘தாரா’ என்பர். அந்நாட்டின் முன்னாள் ஆட்டக்காரரான மாதி தூரே என்பார், 2000-ஆம் ஆண்டில் தலைநகர் டக்காரில் ‘ஜெனராசியோன் ஃபூட்’ என்னும் கழகத்தைத் தொடங்கினார். சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிப்பதே அதன் முதல் நோக்கம். 2003-இல் பிரான்சு நாட்டின் மெட்ஸ் கழகத்தோடு அது உடன்பாடு கண்டது. சாதியோ மானே, இஸ்மாயிலா சார், பாப் மத்தார் சார் ஆகியோர் அங்கே பயின்று மெட்ஸ் வழியாக உலக அரங்கை எய்தியவர்கள்.

பயிற்சிப் பள்ளி ஒன்று போதாதா, கழகம் எதற்கு என்று கேட்கலாம். காரணங்கள் மூன்று என்போம்.

முதலாவது, வயது பற்றிய விதி. உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா, சில விலக்குகள் நீங்கலாக, பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரனை வெளிநாட்டுக் கழகம் பதிவு செய்வதைத் தடுக்கிறது. பன்னிரண்டு வயதில் திறமை வெளிப்பட்ட சிறுவன் இன்னும் ஆறாண்டுகள் தாய்நாட்டிலேயே வளர வேண்டும். வெறும் பயிற்சியால் அவன் வளர்ச்சி நிறைவு பெறாது. வயதில் மூத்தோரை எதிர்த்து, முடிவுக்கு மதிப்புள்ள ஆட்டங்களில் ஆடியாக வேண்டும். ஸர்ஃபும் நஹ்வும் மனனம் செய்தவன் கிதாபை விரித்து இபாரத் வாசித்தால்தானே அவன் அறிந்தது எவ்வளவு என்பது தெரியும்? பயிற்சிப் பள்ளி நாட்டின் லீக்கில் ஆட முடியாது. சங்கத்தில் பதிவு பெற்ற கழகம் ஆடலாம். ஜெனராசியோன் ஃபூட் ஆடியது. 2017-இலும் 2019-இலும் செனகலின் லீக் பட்டத்தையும் வென்றது.

இரண்டாவது, பணம் பற்றிய விதி. 2001-இல் ஃபிஃபா வகுத்த ஒழுங்கின்படி, ஆட்டக்காரன் ஒருவன் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு நாட்டுக் கழகத்துக்கு விலைபேசி மாற்றப்பட்டால், அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வயது வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு ஒருவன் மாற்றப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பகிர வேண்டியது 5 லட்சம். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 25 ஆயிரம். பின்வரும் எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 50 ஆயிரம். இன்றி, முதன்முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சிக்கான ஈட்டுத்தொகை என்றும் ஒன்று உண்டு. இவை அனைத்தும் கழகத்துக்கே உரியவை. தெருவோர மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று அதே சிறுவனுக்குப் பந்தைத் தடுக்கக் கற்பித்த தனிமனிதருக்கு இவ்விதிகள் ஒரு காசும் தருவதில்லை. கழகம் என்னும் பெயர்ப்பலகை இல்லாதவரை அவர் உழைப்புக்குச் சான்று இல்லை.

மூன்றாவது, தொடர்ச்சி. பிரான்சின் முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாகிய ழான் மார்க் கியூ, ஐவரி கோஸ்டின் அசெக் கழகத்தில் 1990-களில் ஒரு பயிற்சிக்கூடம் கண்டார். அங்கே பயின்ற இளைஞர்களை வைத்தே 1999-இல் அசெக், துனிசியாவின் எஸ்பெரான்ஸை வென்று ஆப்பிரிக்காவின் சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியது. கோலோ தூரே, யாயா தூரே ஆகிய சகோதரர்கள் அக்கூடத்தின் மாணவர்கள். எனினும் கூடம் அமைந்திருந்தது பிறருடைய கழகத்தில். பின்னர் கியூ அசெக்கை விட்டுப் பிரிந்து, தம் பெயரிலேயே பல நாடுகளில் பயிற்சிக்கூடங்கள் அமைத்தார். பிறர் வீட்டுத் திண்ணையில் எத்தனை காலம் பாடம் நடத்தினாலும் திண்ணை நமதாகிவிடாது.

இத்துணை நியாயங்கள் இருந்தும் நம் உள்ளம் முழுவதும் அமைதி கொள்ளவில்லை. சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். பதினைந்து வயது மகன் நன்றாகக் கால்பந்து ஆடுகிறானாம். ஐரோப்பாவில் ஒரு கழகத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம். “வீட்டுப் பெண்டுகளின் நகையை விற்கலாமா ஹஜ்ரத்?” என்றார். “விற்காதீர்கள் பாய். பதினெட்டு ஆகாத பிள்ளையை வெளிநாட்டுக் கழகம் பதிய விதி இடங்கொடாது. அதற்குள்ள விலக்குகளில் எதுவும் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. இங்கேயே ஒரு கழகத்தில் ஆடட்டும், பள்ளிப் படிப்பையும் விட வேண்டாம்” என்றோம். அவர் முகம் வாடிற்று. கனவைக் கலைத்தவர் மீது எவருக்குத்தான் அன்பு பிறக்கும்? ஆயினும், இத்தகைய வாக்குறுதிகளை நம்பிச் சென்று அயல்நாட்டு நகரங்களில் கைவிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்கள் பலர் என்பதை அறிந்திருக்கும் நாம் வேறென்ன சொல்ல முடியும்?

அன்று முதல் நாம் தெளிந்தது இது. உள்ளூரில் கழகம் காண்பவர் தம் வாயிலை இரு பக்கமும் காக்க வேண்டியவர். வெளியிலிருந்து வரும் தரகனைத் தடுப்பது ஒரு பக்கம். தம் உள்ளத்தினுள் எழும் தரகனைத் தடுப்பது மறுபக்கம். பயிற்சியளித்த உழைப்புக்குக் கூலி பெறுவது ஹலால் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை அமானத். விலை போகும் பிள்ளைக்கு மட்டும் பாலும் பழமும், விலை போகாதவனுக்குக் கதவடைப்பு என்றால் அது கழகமன்று, சந்தை. சேர்க்கப்படும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரராக ஆவதில்லை. அவர்கள் வெளியேறும் நாளில் கையில் ஒரு படிப்போ தொழிலோ இருக்கிறதா என்பதை வைத்தே கழகம் கண்டவரின் நிய்யத்தை நாம் எடைபோடுவோம்.

மானேயின் வாழ்விலும் இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. பம்பாலி என்னும் சிற்றூரில் பள்ளிவாசல் இமாமின் மகனாய்ப் பிறந்தவர் அவர். தந்தை நோயுற்றபோது ஊரில் மருத்துவமனை இல்லை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 2021-இல் அவ்வூரில் அவர் பொருளில் எழுந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. அக்கட்டடத்தில் டக்காரின் பயிற்சிக் களத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம். கற்பித்தவர்க்குரிய கூலி விலைப்பட்டியலோடு முடிவதில்லை.

நம் ஊர்களிலும் மாலை வேளையில் ஊதலை வாயில் வைத்துச் சிறுவர்களை ஓடவைக்கும் இளைஞர்கள் இருக்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் கழகம் காண முன்வந்து நம் ஜமாஅத்தின் உதவியை நாடுவாராயின், எத்தனை கோப்பை வெல்வீர் என்று முதலில் கேட்க வேண்டாம். பிள்ளைகள் பாங்கொலி கேட்டால் தொழ வழியுண்டா, பள்ளிப் பாடம் படிக்க நேரமுண்டா, ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்த நாள் இடமுண்டா என்று கேட்போம். தக்க விடை கிடைக்குமாயின், மைதானத்துக்கு நிலம் தேடுவதில் நாமும் தோள் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.