கடவுச்சொல்: இல்லை

கணினியைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. கலைப்பட்டத்துடன் பத்திரிகைக்கு வந்தவன் நான். ஆயினும் அண்மையில் நான் செய்த தவறொன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, 2015 இலும் 2016 இலும் பகுதி பகுதியாகத் திரும்பினார்கள். ஓட்டத்தில் பலருடைய காணி உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் தொலைந்திருந்தன. எஞ்சியவற்றையாவது காப்போம் என்று, வீடு வீடாகச் சென்று வாங்கி ஒளிவருடி, என் வீட்டு முன்னறையில் உள்ள ஒரு வழங்கியில் சேர்த்து வருகிறேன். அதன் பிரதி நாள்தோறும் இன்னொரு வட்டில் விழும்.

இவற்றைக் கவனிக்க ஒரு பழைய கணினியில் சபிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவித் தந்தவன், ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகன். வட்டு நிரம்பினாலோ வழங்கி நின்றாலோ எனக்கு மின்னஞ்சல் வரும். லாத்வியாவில் பிறந்த இலவச மென்பொருள் அது. தான் திரட்டும் அளவீடுகளைத் தனக்கென ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கும்.

அந்தத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றும்படி மருமகன் சொல்லியிருந்தான். மாற்றினேன். ஆனால் அச்சொல் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது: வரைபடங்களைக் காட்டும் இணையப் பக்கத்துக்கு ஒரு கோப்பு, பின்னாலிருந்து வேலை செய்யும் சேவைக்கு வேறொரு கோப்பு. முதலாவதைச் சரியாகத் திருத்தினேன். இரண்டாவதில் மருமகன் எழுதிய வரியைப் பழையதென்று அழித்துவிட்டு, மாதிரிக்காக இருந்த வரியில் புதிய சொல்லை இட்டேன். அந்த வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறி இருந்தது. அக்குறி இருந்தால் கணினி அவ்வரியைப் படிக்காது என்பதை நான் அறியேன். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன்.

பக்கம் திறந்தது. வரைபடங்கள் இருந்தன. சேவை இயங்கவில்லை என்று ஒரு சிறு அறிவிப்பும் இருந்தது. சற்று நேரத்தில் சரியாகும் என்று விட்டுவிட்டேன். பதினொரு நாட்கள் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. நலம் என்று கொண்டேன். தகவல் வரவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணாதே என இளம் நிருபர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! 2006 இல் இவ்வூரிலிருந்து தகவல் வராத நாட்கள்தாம் மிகக் கொடியவை.

மூன்றாம் நாளே பிரதி வட்டு நிரம்பியிருக்கிறது. பதினொராம் நாள் இரவு மின்சாரம் போய் வந்ததில் வழங்கியின் வட்டு இறந்தது. (500 மெகாவாற் அனல்மின் நிலையத்துக்கென்று காணி எடுக்கப்பட்ட ஊர் இது. 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது வேறு கதை.)

தொலைபேசியில் மருமகன் பதறவில்லை.

"மாமா, லொக் கோப்பின்ர கடைசி வரியை வாசியுங்கோ."

வாசித்தேன். பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, பிழை எண் 1045, கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா: இல்லை.

"அந்த 'இல்லை'தான் மாமா விசயம். 'ஆம்' எண்டு இருந்தால் நீங்கள் குடுத்த சொல் பிழை. 'இல்லை' எண்டால் சொல்லே போய்ச் சேரேல்லை. வரியின்ர முன்னுக்கு என்ன கிடக்கெண்டு பாருங்கோ."

ஹாஷ் குறியை நீக்கினேன். சேவையை மீள இயக்கச் சொன்னான். அரை நிமிடத்தில் அறிவிப்பு மறைந்தது. பத்து விநாடிக்கு ஒரு தடவை கதவைத் தட்டி, திருப்பி அனுப்பப்பட்ட செய்தி அக்கோப்பில் பக்கம் பக்கமாகக் கிடந்தது. கணக்குப் பார்த்தேன், ஏறத்தாழ 95,000 தடவை. நான் ஒரு தடவையேனும் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

பழைய ஆவணங்கள் பிரதி வட்டில் பிழைத்தன. இடைப்பட்ட நாட்களில் ஒளிவருடிய ஏழு குடும்பங்களின் பத்திரங்கள் போய்விட்டன. மீண்டும் படலைகளைத் தட்டினேன். ஆறு வீடுகளில் தேநீர் தந்து, பத்திரத்தையும் தந்தார்கள். ஏழாவது வீட்டு ஆச்சி, "நீங்கள்தானே தம்பி படம் எடுத்து வைச்சனீங்கள், இனிப் பயமில்லையெண்டு ஒறிஜினலைச் சட்டத்தரணியிட்டைக் குடுத்திட்டன்" என்றார். திருகோணமலைக்குப் போயிருக்கும் அந்தக் காகிதம் திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன்.