பாடினவளுக்கு என்ன கூலி?

தோட்டத்துக் கிராணியாயிருப்போர் எதைக் கண்டாலும் கூலிக் கணக்காகவே பார்ப்பர் என்று நண்பர்கள் எம்மை ஏளனஞ் செய்வதுண்டு. மெய்தான். ஒரு பாடகியின் பெயரைக் கேட்டாலும், இவர் எந்த வயதில் வேலைக்கு வந்தார், இவர் உழைப்பில் யார் யார் உண்டனர் என்றே எம் மனம் ஓடுகிறது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் "தெய்வம் தந்த குரல்" என்று சொல்லி அமர்ந்துவிடுகின்றனர். குரல் தெய்வம் தந்ததாகவே இருக்கட்டும். அதற்குச் சோறு போட்டது எது?

1908-ல் காவிரிக் கரையிலே வறிய குடும்பத்திற் பிறந்த அவர், ரயில்வண்டியிற் பாடிக் காசு பெற்ற சிறுமி என்பர். ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பிரியருமான எஃப். ஜி. நடேசய்யரின் கண்ணிற்பட்டு நாடக மேடைக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் பாலபார்ட்! ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசியில் அமர்ந்த தரை டிக்கெட்டுக்காரனுக்கும் சொல் விளங்கும்படி இரவெல்லாம் பாடியாக வேண்டும். அம்மையாரின் உச்சக் குரலை வியப்போர், அது அக்கொட்டகைகளில் உழைத்துப் பழகிய தொண்டை என்பதை நினைப்பதில்லை.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவ்வாறே. சகோதரர்களோடு சிறுவயதிலேயே மேடையேறியவர். இலங்கையில் நாடகமாடியபோது இருவரும் சேர்ந்தனர். 1927-ல் மணம் நிகழ்ந்தது. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி உண்டு. 1933-ல், 27 வயதில், அவர் மாண்டார். அம்மையாருக்கு அப்போது 25. அன்று உடுத்த வெள்ளைச் சேலையை அவர் பின்னர் மாற்றவேயில்லை. அதுவரை "நாடகக்காரி" என்று இழித்த வாய்களே பின்பு "உத்தமி" என்று புகழ்ந்தன. இப்புகழ்ச்சி எமக்கு உவப்பானதன்று. ஒரு பெண்ணின் துயரம் அவளுடையது. அதை ஊரார் நன்னடத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வானேன்?

1935-ல் "நந்தனார்" படத்தில் அவரே நந்தனாராக நடித்தார். பண்ணையாளாக நின்றவர் ஒரு பெண். எதிரே வேதியராக நின்றவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர்! அதற்கு அம்மையார் பெற்ற ஊதியம் ரூ. 1 இலட்சம். அக்காலத்தில் கேள்விப்படாத தொகை என்று இன்றும் வாய்பிளக்கின்றனர். எம் செக்ரோல் கணக்கில் அது நிலுவைச் சம்பளம். ரயிலில் விழுந்த சில்லறை தொடங்கி அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து வந்த நிலுவை. பின்னர் 1951-ல் சென்னைச் சட்ட மேலவைக்கும் அவர் சென்றார். 1953-ல் "ஔவையார்" வந்தது. 1980-ல் காலமானார்.

இத்தனையும் யாம் எழுதக் காரணம் உண்டு. எம் தமக்கையின் மகளுக்கு வயது 19. கோயில் திருவிழாவில் அவள் பாடினால் தோட்டமே வாய்மூடிக் கேட்கும். சென்ற ஆண்டு பட்டணத்து இசைக்குழு ஒன்று, இரவுக்கு 150 ரிங்கிட் தருவதாக அவளை அழைத்தது. அத்தான் மறுத்துவிட்டார். அவர் கெட்டவரல்லர், மகளைப் படிக்க வைக்க இரவும் பகலும் லாரி ஓட்டியவர்.

"கோயில்ல பாடட்டும் தம்பி. காசுக்குப் பாடினா நாளைக்கு யார் பொண்ணு கேட்டு வருவான்?"

அதே திருவிழாவில் உறுமி அடித்த வாலிபர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெண் கிடைக்காது என்று ஒருவரும் சொல்லக் கேட்டோமில்லை. இலவசமாய்ப் பாடினால் பக்தி, காசு பெற்றால் இழிவு. அதுவும் பெண்ணுக்கு மட்டும். இக்கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? சுந்தராம்பாள் அம்மையாரின் கதை முழுவதையும் அத்தானுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க தெய்வம் தம்பி. இவ மனுஷி."

அதற்குமேல் வாதம் ஓடவில்லை. யாம் புறப்படும்போது அவள் வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள்: "மாமா, முன்பணம் வாங்கினா ரசீது எப்படி எழுதணும்?"

சட்டைப்பையிலிருந்த தாளில் எழுதிக் காட்டினோம்.