வில்லிவாக்கத்தில் இறங்கிய நாள்

1982-ல் எனக்கு வயது 23. சேக்காட்டிலிருந்து இந்துக் கல்லூரி ஸ்டேஷனுக்கு நடை, சென்ட்ரலில் இறங்கினால் பாரிமுனை வரை மறுபடி நடை. அங்கே ஒரு தனியார் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் வேலை. மாதம் 350 ரூபாய். எங்கள் தெருப் பையன்கள் சைக்கிளை மிதித்து ஆவடி டாங்கி பேக்டரிக்குப் போய்விடுவார்கள். நான் எழுதிய பரீட்சை எதுவும் தேறவில்லை.

கடிதத்தை ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், மடித்துக் கவரில் போட வேண்டும், ஸ்டாம்பு ஒட்டி ஸ்டாம்புக் கணக்கை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்குப் பயம். சாயங்காலம் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக ரயில் நிற்கும்போது (நிற்காத நாள் உண்டா?) மனசு ஆரம்பித்துவிடும்: கவர் மாறியிருக்குமோ?

ஒருநாள் திருச்சிக்கு விலைப்பட்டியல், கோயம்புத்தூர் பார்ட்டிக்குப் பாக்கி கேட்டுக் கடுமையான கடிதம். இரண்டும் ஒரே மாதிரி நீளக் கவர். வில்லிவாக்கம் வருவதற்குள் மாற்றித்தான் போட்டுவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். இறங்கி, எதிர் ரயில் பிடித்து, ஜி.பி.ஓ.வுக்கு ஓடினேன். பெட்டியைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "திருப்பி வாங்கணும்னா எழுதிக் குடுக்கணும் தம்பி. கம்பெனி லெட்டர்னா கம்பெனிதான் எழுதித் தரணும்."

கம்பெனியிடம் எந்த முகத்தோடு கேட்பது? வீடு வந்து சேர மணி பத்தரை. ரயில் லேட் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் சீனியர் கிளார்க்கிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் 26 வருஷமா டிராயர் பூட்டை மூணு தரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்பா" என்றார். அவர் ரிடையர் ஆனால் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கவரை விட அந்த வார்த்தைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார். "கணித மேதை ராமானுஜமே இதோ இந்த போர்ட் டிரஸ்ட்ல 30 ரூபா கிளார்க்குதான்."

உண்மைதான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1912 மார்ச் 1-ல் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னைச் சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறார். அதற்கு முன் இங்கிலாந்தில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலனில்லை. ஆனாலும் மூன்றாவது கவரை ஒட்டியிருக்கிறார். அதே மே மாதம், பல்கலைக்கழகம் கொடுத்த 75 ரூபாய் உதவித்தொகையோடு ஆபீசை விட்டு வெளியே வந்துவிட்டார். மொத்தம் 14 மாதம். நான் அந்த டெஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்தது ஏழு வருஷம். சீனியர் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை, பாவம்.

எட்டாம் நாள் திருச்சியிலிருந்து பதில் வந்தது. விலை அதிகமாம், வேண்டாமாம். ஆர்டர் போனதே என்று மானேஜர் கத்திக்கொண்டிருந்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கவர் மாறவில்லை!

அன்று சாயங்காலமும் பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றது. ஸ்டாம்பு டிராயரைப் பூட்டினேனா?